பந்தலை எங்க போடுறது, மாப்ள?

என்ன மாப்ள, மணி பதினொண்ணு ஆகப்போகுது. வெளிய முழங்கால் மட்டும் பனி கொட்டிக் கெடக்கு. நீங்க பழைய காலத்துக் கணக்குப்பிள்ளை கணக்கா அந்தப் பெட்டியக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கீக. எனக்கு விசா நீட்டிக்கத்தான் எழுதுறீகளோன்னு ஒரு நிமிசம் பயந்துட்டேன். மககிட்டக் கேட்டா, "இல்லப்பா, அவுக காலேஜுல கூடைப்பந்துப் பந்தயம் நடத்த எடம் கேட்டு மனுப் போடுறாக"ங்குது.

அட, மண்டபம் பிடிக்கிற சோலி! இதுக்கா ரெண்டு நாளாச் சோறு எறங்காம அலையிறீக? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. மூணு மக கல்யாணத்துக்கும் எந்த ஊர்ல பந்தல் போடுறதுன்னு பஞ்சாயத்துப் பேசிப் பேசி முடி நரைச்சவன் நான். பந்த எப்படித் தட்டணும்னு கேட்டா எனக்குத் தெரியாது. பந்தல் எங்க விழும்னு கேளுங்க, சொல்றேன்.

மூணு குளிர்காலமா இந்த ஒஹாயோவுல உங்க ஹீட்டர் பக்கத்துல உக்காந்து, நீங்க போன்ல பேசுறத ஒட்டுக் கேட்டு ஒட்டுக் கேட்டு, எனக்கும் பாதி தெரிஞ்சுபோச்சு. நான் புரிஞ்சுக்கிட்டது சரியான்னு பாருங்க. உங்களது மூணாம் டிவிஷன். 400 காலேஜுக்கு மேல இருக்கு. விளையாடுறான்னு சொல்லி ஒரு பயலுக்கும் ஒரு டாலர் உதவித்தொகை கெடையாது. படிச்சுக்கிட்டே ஆடணும், பஸ்ஸுல போகும்போதே பரீட்சைக்கும் படிக்கணும். மார்ச்சு பொறந்ததும் 64 டீமப் பொறுக்குறாக. லீக்குல ஜெயிச்சவனுக்கு நேரா எலை. மிச்ச எலைக்கு ஆள் யாருன்னு அப்பறம் பாத்துக்கிடுவாக. அந்த 64 பேரையும் நாலு நாலாப் பிரிச்சு 16 ஊருக்கு அனுப்புறாக. நாலுல ஒருத்தன் வீடுதான் பந்தல். வெள்ளிக்கிழமை ரெண்டு ஆட்டம், சனிக்கிழமை ஒரு ஆட்டம், மூணு பேரு மூட்டையக் கட்டிக்கிட்டு ஊருக்கு. மறு வாரம் தேறின 16 பேரு நாலு ஊர்ல கூடுவாக. அதுலயும் தேறின நாலு பேருக்குத்தான் கடைசிப் பந்தல்.

இதுல வேடிக்கை என்னன்னா, திங்கக்கிழமை மத்தியானம் பேரு வாசிச்சா வெள்ளிக்கிழமை ஆட்டம். திங்கக்கிழமை தாம்பூலம் மாத்தி வெள்ளிக்கிழமை தாலி கட்டுற கல்யாணம். சமையக்காரன், பாத்திர வாடகை, மைக் செட்டு எல்லாம் அந்த நாலு நாளைக்குள்ள. மனுவ இப்பமே போட்டு வைக்கணும், பந்தல் விழுமா விழாதான்னு அன்னைக்குத்தான் தெரியும். சரிதானே? அப்பச் சாஞ்சு உக்காருங்க. அந்த டீயக் குடிங்க. கெழவன் ஏழு யோசனை சொல்றேன்.

மொத யோசனை: ஜெயிக்கிறதுக்கு முன்னால, சரியான எடத்துல பொறந்துருங்க.

சிரிக்காதீக. பந்தல் பெரும்பாலும் இதுலயே முடிஞ்சு போகுது. ரொம்ப வருசமா ஒரு கணக்கு வச்சிருக்காக பாருங்க, 500 மைலு. நம்ம கணக்குல 800 கிலோமீட்டரு. பந்தலுக்கு 500 மைலுக்குள்ள இருக்கிறவன் பஸ்ஸுல வரணும். அதுக்கு மேல இருந்தா ப்ளேன் டிக்கெட். டிக்கெட் காசு, சாப்பாட்டுக் காசு எல்லாம் காலேஜு ஆட்டத்த நடத்துற அந்தப் பெரிய வீடு, என்.சி.ஏ.ஏ.ங்கிற சங்கம், கொடுக்குது. கொடுக்கிறவன் கை எப்பவும் கூசும்ல? பெரிய வீட்டுக்கு வர்ற வருமானத்துல நூறு ரூவாய்க்கு 3 ரூவா 18 காசுதான் மூணாம் டிவிஷனுக்குன்னு எழுதி வச்சிருக்காக. மொத டிவிஷன் ஆம்பளைப் பயலுக ஆடுற மார்ச்சு மாசத்து டிவி ஆட்டந்தான் அந்த வீட்டுக்கே அடுப்பெரிக்கிது, அதனால பாகப்பிரிவினையில யாரும் வாயத் தொறக்குறதில்ல. தலைய எண்ணிப் பாத்தா உங்க டிவிஷன்தான் பெருசு. பங்கு மட்டும் சுண்டக்காய். அந்த 3 ரூவா 18 காசுலதான் ஓட்டம், நீச்சல், கால்பந்து, எல்லாருக்கும் எலை போடணும்.

அதனால கமிட்டிக்காரக என்ன செய்றாக? யாரு பலசாலின்னு பாக்குறதுக்கு முன்னால, ஆட்டுக்குட்டிய மேய்ச்சலுக்குக் கட்டுற மாதிரி வரைபடத்துல ஒரு முளை அடிச்சு, 500 மைல் கயித்தக் கட்டிச் சுத்தி வர்றாக. கயித்துக்குள்ள எத்தனை பேரு சிக்குறாகளோ அதுதான் பந்தி. ஒஹாயோ, பென்சில்வேனியா, நியூயார்க், இந்தியானா பக்கமெல்லாம் சின்னக் காலேஜு வேலிக்கருவ மாதிரி மொளைச்சுக் கெடக்கு. எங்க முளை அடிச்சாலும் இருபது சிக்கும். நீங்க அந்தப் பக்கம் பொறந்த புண்ணியவான்.

டெக்சாஸ்காரனப் பாருங்க, பாவம். மேரி ஹார்டின்-பேலர், ஹார்டின்-சிம்மன்ஸ், சான் அன்டோனியோவுல டிரினிட்டி. எல்லாம் நல்லா ஆடுற டீமுக. மேற்க போனா ஸ்போக்கேன்ல விட்வொர்த், வாலா வாலாவுல விட்மன். அதுக்குத் தெக்க லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல பொமோனா-பிட்சர், கிளேர்மான்ட்காரக. ஸ்போக்கேனுக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் எடையில ஆயிரம் மைலுக்கு மேல காடும் மலையும். கயித்த எப்படி வீசுனாலும் நாலு பேரு சிக்க மாட்டேங்குது. அதனால என்ன ஆகும்? கடைசிப் பந்தல்ல சந்திக்க வேண்டிய ரெண்டு சூரப்புலிய, ஒரே திக்குல இருக்கிற பாவத்துக்கு, மொதச் சுத்துலயே கோத்து விட்டுருவாக. ரெண்டுல ஒண்ணு ஊரோட நின்னுக்கிடும், நாலு ப்ளேன் டிக்கெட் மிச்சம்.

டெக்சாஸ்காரன் எங்கிட்ட வந்து, "பெரியவரே, எனக்குப் பந்தல் கெடைக்க வழி சொல்லுங்க"ன்னு கேட்டான்னு வைங்க. நான் சொல்லுவேன்: "தம்பி, பந்து போட்டுப் பழகுனதெல்லாம் போதும். ஒரு நல்ல லாரியாப் பாரு. காலேஜ அஸ்திவாரத்தோட பேத்து ஏத்து. ஒஹாயோவுல எறக்கு. நீ அரைகுறையா ஆடினாலும் பந்தல் உன் வாசல்ல விழும்."

ரெண்டாவது யோசனை: மனுவுல வெக்கப்படாதீக.

ஒரு பழக்கம் பாத்துருக்கேன். சில பேரு, "நாம எங்க ஜெயிக்கப்போறோம், இருக்கிற ஆட்டத்துக்கே ஆளக் காணோம்"னு மனுவே போடுறதில்ல. எலை போடும்போது எந்திரிச்சுக் கை கழுவப் போனவனுக்கு யாரு சோறு வைப்பா? பந்திக்கு முந்துன்னு பெரியவுக சும்மாவா சொன்னாக. போட்டு வைங்க. ஒரு தாளு, ஒரு கையெழுத்து, ஒரு வரவு செலவுக் கணக்கு. காசா பணமா?

என்னென்ன பாப்பாகன்னு அவுக பொஸ்தகத்துலயே எழுதி வச்சிருக்காகளாம்ல. அரங்கம் எப்படி, அன்னைக்குச் சும்மாக் கெடக்குதா, டிக்கெட்டு விக்குமா, முன்ன எம்புட்டுக் கூட்டம் வந்துச்சு, ஊரு எங்க இருக்கு, நடத்த எம்புட்டுச் செலவு. இதுல "ஆட்டத்துல யாரு கெட்டிக்காரன்"ங்கிறது எந்த வரியில இருக்குன்னு கண்ணாடியப் போட்டுத் தேடிப் பாருங்க. நம்ம பக்கத்துல மாப்பிள்ளை பாக்குற மாதிரியேதான். "பையன் குணமான பையன்"னு கடைசியாச் சொல்லுவோம். மொதல்ல கெணத்துல தண்ணி எத்தனை அடின்னு கேப்போம்.

அதனால அரங்கத்தப் பாத்துக் கட்டுனவன் பொழைச்சான். மிச்சிகன்ல ஹாலந்துங்கிற ஊர்ல ஹோப் காலேஜு இருக்கு. 2005-ல டெவோஸ் ஃபீல்டுஹவுஸ்னு ஒண்ணு தொறந்தாக. மூவாயிரம் பேருக்கு மேல உக்காரலாம். ஹோப் பொம்பளப் பிள்ளைக ஆட்டத்துக்கு அந்த ஊரே வந்து உக்காருது. பக்கத்துல கால்வின் காலேஜுக்காரன் சும்மா இருப்பானா? பங்காளி மாடி வீடு கட்டுனா நமக்குத் தூக்கம் வருமா? 2009-ல அவன் அஞ்சாயிரம் பேரு உக்கார்ற மாதிரி வான் நோர்டு அரங்கத்தக் கட்டிப்புட்டான். பொறாமைதான் மாப்ள, பாதி ஊர்ல நல்ல கட்டடம் எழும்புறதே அதுலதான்.

உங்க அரங்கத்தயும் பாத்தேன். மோசம்னு சொல்ல மாட்டேன். கூரை ஒழுகுற எடத்துல ஒரு வாளி வச்சிருக்கீகளே, அதுல "காலேஜுக்கு ஜே"ன்னு எழுதி வைங்க. அலங்காரம்னு நெனச்சுக்கிடுவாக.

மூணாவது யோசனை: வீட்டுல ரெண்டு கல்யாணம் ஒண்ணா வந்தா என்ன செய்யணும்னு இப்பமே யோசிச்சு வைங்க.

உங்க காலேஜுல ஆம்பளைப் பயலுகளும் நல்லா ஆடுறானுக, பொம்பளப் பிள்ளைகளும் நல்லா ஆடுதுக. ரெண்டு டீமுக்கும் ஒரே வாரத்துல பந்தல் கெடைச்சா? இருக்கிறது ஒரு களம். அதுக்கும் ஒரு வழி வச்சிருக்காக. ஒரு வருசம் மொத வாரம் ஒருத்தருக்கு முன்னுரிமை, ரெண்டாவது வாரம் இன்னொருத்தருக்கு. மறு வருசம் மாத்தி. இந்த ஏற்பாட்டப் பண்ணுனவன் ரெண்டு பொண்டாட்டிக்காரனாத்தான் இருக்கணும். அவனுக்குத்தான் இம்புட்டு நெளிவு சுளிவு தெரியும்.

ஆனா இதுல ஒரு பாவம் ஒளிஞ்சிருக்கு. முன்னுரிமை இல்லாத டீமு, ஊர்லயே மொதல் ஆளா நின்னாலும், பெட்டியத் தூக்கிக்கிட்டு ரெண்டாவது ஆளு வீட்டுக்குப் போகணும். போன வருசம் நீங்க ரெண்டு பக்கமும் தலையாட்டிக்கிட்டு, ரெண்டு கோச்சுகிட்டயும் "உங்களுக்குத்தான்"னு சொல்லிக்கிட்டு இருந்தீகளே, நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அப்பிடிச் செய்யாதீக. யாரு பெட்டி கட்டணும்னு பிப்ரவரியிலயே சொல்லிப்புடுங்க. மார்ச்சுல சொன்னா அது துரோகமாப் போயிரும்.

நாலாவது யோசனை: நாளப் பாருங்க.

நான் பஞ்சாங்கத்தச் சொல்லலை, வர்றவன் சாமிக்கு எந்த நாள் ஆகாதுன்னு பாருங்க. நியூயார்க்குல யெஷிவான்னு யூத காலேஜு. வெள்ளிக்கிழமை பொழுது சாஞ்சா சனிக்கிழமை பொழுது சாயுற வரைக்கும் அவுகளுக்குச் சபாத். பந்தத் தொட மாட்டாக, வண்டியேற மாட்டாக. பந்தயமோ வெள்ளி, சனி. எலை போடுற நேரத்துல விரதம்!

2020-ல அவுகள பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பந்தலுக்கு அனுப்புனாக. வெள்ளிக்கிழமை ஆட்டத்த மத்தியானமே வச்சாக, சூரியன் விழுறதுக்குள்ள முடியட்டும்னு. சனிக்கிழமை ஆட்டத்தப் பொழுது சாஞ்ச பெறகு வச்சாக. அந்தப் பிள்ளைகளோட நம்பிக்கைக்காக ஒரு பந்தயமே கடிகாரத்த நகத்தி வச்சது பாருங்க, அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு.

ஆனா விதி வேற கணக்குப் போட்டுச்சு. அது கொரோனா வந்து எறங்குன மார்ச்சு. யெஷிவாவுல ஒரு மாணவனுக்கு நோயின்னு தெரிஞ்சதும், தங்க எடம் கொடுத்த ஹோட்டல்காரன் "வராதீக"ன்னுட்டான். ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல ஒரு ஆளயும் உள்ள விடலை. மார்ச்சு 6-ஆம் தேதி, காலி நாற்காலிக நடுவுல ஆட்டம். பந்து தட்டுற சத்தம், ஷூ தேயிற சத்தம், கோச்சு கத்துற சத்தம், அம்புட்டுதான். பின்னால உலகமே அப்பிடித்தான் ஆடப்போகுதுன்னு அன்னைக்கு யாருக்குத் தெரியும்? அந்தப் பயலுக வூஸ்டர் பாலிடெக்னிக்க 102-78-னு அடிச்சானுக. மறுநாள் ராத்திரி பென் ஸ்டேட் ஹாரிஸ்பர்க்க 102-83-னு அடிச்சானுக. அடுத்த வாரம் வர்ஜீனியாவுல ராண்டால்ஃப்-மேக்கன் பந்தலுக்குப் போகணும். பெட்டி கட்டுறதுக்குள்ள, மார்ச்சு 12-ஆம் தேதி பந்தலையே பிரிச்சுப்புட்டாக. மறு வருசமும் மூணாம் டிவிஷனுக்குப் பந்தயம் நடக்கலை.

இத எதுக்குச் சொல்றேன்னா, காலி நாற்காலிக்கு முன்னாலயும் ஆட்டம் நடக்கும். மனுவுல "பார்வையாளர் 1,800 பேர் வருவார்கள்"னு நீங்க எழுதுறத எட்டிப் பாத்தேன். எழுதுங்க, ஆனா பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும், போன மாசம் நானும் நீங்களும் சேத்து எண்ணுனப்ப 212 பேரு. அதுல பாப்கார்னுக்காக வந்தவுக எத்தனை பேருன்னு நான் எண்ணலை. நானே ஒருத்தன்.

அஞ்சாவது யோசனை: ஊரு ஆசைப்படுதான்னு பாருங்க, காலேஜு மட்டும் ஆசைப்பட்டாப் பத்தாது.

கடைசிப் பந்தல் கதையக் கேளுங்க. 1975-ல மூணாம் டிவிஷன் பந்தயம் ஆரம்பிச்சப்ப பென்சில்வேனியாவுல ரெடிங். அப்பறம் இல்லினாய்ல ராக் ஐலண்டு, மிச்சிகன்ல கிராண்ட் ராப்பிட்ஸ், ஒஹாயோவுல ஸ்பிரிங்ஃபீல்டு, நியூயார்க்குல பஃபலோ. நாடோடி மாதிரி சுத்துச்சு. 1996-ல வர்ஜீனியாவுல சேலம்னு ஒரு ஊருக்குப் போச்சு. நம்ம மாம்பழச் சேலம் இல்ல மாப்ள, இது வேற. இருபத்தஞ்சாயிரம் சொச்சம் சனம் உள்ள சின்ன ஊரு. 2018 வரைக்கும் அங்கயே தங்கிருச்சு, நடுவுல 2013-ல மட்டும் அட்லான்டா. அமெரிக்கக் கால்பந்துக் கடைசி ஆட்டமும் 1993-ல இருந்து 2017 வரைக்கும் அந்தச் சேலத்துலதான்.

பெரிய நகரத்துக்குப் பந்தயம் வந்தா அது நூத்துல ஒரு கூட்டம். சின்ன ஊருக்கு வந்தா அதுதான் தேரோட்டம். முடிவெட்டுறவன், பெட்ரோல் பங்க்குக்காரன், சாப்பாட்டுக் கடைக்காரன் எல்லாருக்கும் எந்த டீமு வந்திருக்குன்னு தெரியும். டிரைவருக்குக் கூட டீ கெடைக்கும். எம்புட்டு வெளக்குப் போட்டாலும் அத நகரத்துல வாங்க முடியாது.

இன்னொரு மாதிரியும் இருக்கு. என்.ஏ.ஐ.ஏ.ன்னு சின்னக் காலேஜுகளுக்கு ஒரு தனிச் சங்கம். அவுக பந்தயம் 1937-ல கன்சாஸ் சிட்டியில ஆரம்பிச்சது. கூடைப்பந்தக் கண்டுபிடிச்ச நெய்ஸ்மித் பெரியவரும் அதுல கை வச்சவர். 1891-ல பீச்சுப்பழக் கூடைய மாடிக் கைப்பிடியில ஆணியடிச்சவரு, கடைசிக் காலத்துல பந்தலும் போட்டுக் கொடுத்துட்டுப் போனாரு. அவுக ஆம்பளைக் கோப்பைக்கு அவரு சம்சாரம் மாட் நெய்ஸ்மித் பேருதான். புருசன் ஆட்டம், பொண்டாட்டி கோப்பை. நியாயமான குடும்பம்.

அங்க ரொம்ப காலத்துக்கு 32 டீமும் ஒரே ஊருக்கு வந்து, ஒரே அரங்கத்துல, காலையில இருந்து ராத்திரி வரைக்கும் ஒரு வாரம் ஆடுவாக. யாரு வீட்டுக்கு யாரு போறதுங்கிற பஞ்சாயத்தே கெடையாது. ஊர்ப் பொது மண்டபத்துல கூட்டுக் கல்யாணம் மாதிரி. ஆனா காசு அங்கயும் கதவத் தட்டுச்சு. பின்னால 64 டீமாக்கி, மொத ரெண்டு சுத்த 16 ஊர்ல வச்சு, தேறின 16 பேரு மட்டும் கன்சாஸ் சிட்டிக்குன்னு மாத்திப்புட்டாக. உங்க கதையும் அவுக கதையும் ஒரே எடத்துல வந்து நின்னுருச்சு. எங்க சுத்துனாலும் பந்தல் கடைசியில வண்டி வாடகையிலதான் வந்து நிக்கிது.

ஆறாவது யோசனை: கம்ப்யூட்டர் ஜாதகத்த ரொம்ப நம்பாதீக.

முன்ன எல்லாம் அந்தந்த வட்டாரத்துப் பெரியவுக கூடி உக்காந்து, யாரு உள்ள, யாரு வெளியன்னு பேசுவாக. தனக்கு வேண்டியவனுக்கு ஒரு வரி தூக்கிப் பேசுறது, ஆகாதவனுக்கு ஒரு இருமல் இருமுறது, எல்லாம் நடந்திருக்கும். மனுசங்கதானே. 2024-25-ல இருந்து என்.பி.ஐ.ன்னு ஒரு கணக்குப் போட்டுப்புட்டாக. ஜெயிச்சது எத்தனை, ஜெயிச்சது யார, அதக் கூட்டிப் பெருக்கி ஒரு நம்பரு. எலை யாருக்குன்னு அந்த நம்பரு சொல்லிரும். நல்லதுதான். இருமலுக்கு வேலையில்லாமப் போச்சு.

ஆனா ஒண்ணு கவனிச்சீகளா? நம்பரு டீமத்தான் பொறுக்கும். பந்தல எங்க போடுறதுன்னு வரும்போது மறுபடியும் அந்தக் கயிறும் முளையும் வந்துரும். ஜாதகம் பத்துப் பொருத்தமும் சரின்னு சொன்ன பெறகும், "மண்டபத்துக்குப் பஸ் இருக்கா?"ன்னு கேக்குற அத்தை ஒருத்தி இருப்பாள்ல, அவளக் கம்ப்யூட்டரு இன்னும் ஜெயிக்கலை.

அதனால நம்பரு பத்துக்குள்ள இருக்கேன்னு நீங்க நெஞ்ச நிமித்தாதீக. பக்கத்து ஊர்க்காரன் பதினஞ்சாவது ஆளா இருந்து, அவன் வீட்டச் சுத்தி மூணு பேரு பஸ்ஸுல வர முடிஞ்சுதுன்னா, நீங்கதான் அவன் வீட்டுக்குப் போய் "நல்லா இருக்கீகளா"ன்னு கேக்கணும்.

ஏழாவது யோசனை, இது கடைசி: பந்தல் கெடைச்சுட்டா ஜெயிச்சோம்னு நெனைக்காதீக.

சொந்த ஊருன்னா என்ன? நம்ம படுக்கை, நம்ம சோறு, நம்ம சனம் கத்துற சத்தம், நமக்குத் தெரிஞ்ச வளையம். அம்புட்டும் உண்மைதான். 2024-ல கடைசிப் பந்தல் இந்தியானாவுல ஃபோர்ட் வெய்ன்ல. டிரைன்னு ஒரு காலேஜு, அதே மாநிலத்துல, பஸ்ஸுல ஒரு மணி நேரத் தூரம். ஊரே கெளம்பி வந்து உக்காந்து கத்துச்சு. ஹாம்ப்டன்-சிட்னிய 69-61-னு அடிச்சுக் கோப்பைய வாங்கிட்டுப் போனாக. பாத்தீகளான்னு நீங்க துள்ளிக்கிட்டு வந்தீகள்ல, ஞாபகம் இருக்கு.

இப்ப நான் சொல்றதக் கேளுங்க. 1981. கடைசிப் பந்தல் ராக் ஐலண்டுல. அகஸ்டானா காலேஜு இருக்கிறது அதே ஊரு. அந்த வருசம் அகஸ்டானாவே கடைசி ஆட்டத்துக்கு வந்துருச்சு. பந்தல் அவுக ஊர்ல, சனம் அவுக சனம், கோப்பை கைக்கு எட்டுற தூரத்துல. எதுத்து வந்தது நியூயார்க் மாநிலத்து வடகோடியில இருந்து போட்ஸ்டாம் ஸ்டேட். ஆட்டம் சமமாப் போய், கூடுதல் நேரம் வச்சு, போட்ஸ்டாம் 67, அகஸ்டானா 65. ரெண்டே புள்ளி. வந்தவன் கோப்பைய எடுத்துக்கிட்டுப் போயிட்டான். பந்தல் போட்டவனுக்குக் கூட்டிப் பெருக்குற வேலை மிச்சம்.

ஏன் மாப்ள அப்பிடிப் பாக்குறீக? உங்களுக்கும் ஒண்ணு ஞாபகம் வருதோ?

பதினாலு வருசம் ஆச்சு, இப்பச் சொல்லிப்புடுறேன். உங்க கல்யாணத்த எங்க வைக்கிறதுன்னு உங்க அய்யாவும் நானும் மூணு தடவ பேசுனோம். அவுக தேனிப் பக்கம் உங்க ஊர்லதான்னு ஒத்தக் கால்ல நின்னாக. நான் என்ன சொன்னேன்? "சம்பந்தி, எங்க பக்கம் 400 சனம், உங்க பக்கம் 150. யாரு பஸ் ஏறுனாச் செலவு கம்மின்னு நீங்களே சொல்லுங்க"ன்னேன். தூரத்தக் கேட்டாக. "ரெண்டு மணி நேரந்தான்"னேன். மூணரை மணி நேரம். அதுவும் டிரைவரு டீக்கு எறங்கலைன்னா. நியாயம், சிக்கனம், பொது நன்மைன்னு நான் பேசுனதக் கேட்டு உங்க சித்தப்பா கண் கலங்கிட்டாரு.

உண்மை என்ன தெரியுமா? எங்க ஊரு மண்டபத்துக்காரன் எனக்கு நாப்பது மூட்டை மொளகாய்க்குக் காசு பாக்கி வச்சிருந்தான். வாடகைய அதுல கழிச்சுக்கிட்டேன். அம்புட்டுதான் என் 500 மைலு. அதனாலதான் சொல்றேன், எந்தக் கமிட்டியும் "தூரம், சிக்கனம்"னு பேச ஆரம்பிச்சா நான் கோவப்படுறதில்ல. அவுக மொளகா மூட்டை எங்க இருக்குன்னு மட்டும் மெதுவாப் பாப்பேன்.

பந்தல் எனக்குக் கெடைச்சுது. ஜெயிச்ச மாதிரித்தான் இருந்துச்சு. வாழை மரம் கட்டி, மேளம் வச்சு, உங்க சனத்துக்கு மொதப் பந்தி, எங்க சனத்துக்குக் கடைசிப் பந்தி. கடைசிப் பந்தியில ரசம் தீந்துபோச்சு, நானும் என் தம்பிமாரும் மோர விட்டுச் சாப்பிட்டோம். ஊரே, "சொந்த ஊர்ல நடத்திக் காட்டிப்புட்டான்யா"ன்னு மெச்சுச்சு.

சாயங்காலம் உங்க வேன் கெளம்புச்சு. உள்ள என் மக. நான் பந்தக்கால் பக்கத்துல நின்னு கையாட்டிக்கிட்டு இருந்தேன். மறுநா காலையில வாடகைப் பாத்திரத்த எண்ணும்போதுதான் தெரிஞ்சது, பந்தல் போட்டவன் நான், கோப்பையத் தூக்கிட்டுப் போனது நீங்க.

சரி, டீ ஆறிப்போச்சு. மனுவுல கூட்டம் 1,800-ங்கிறத 400-ன்னு மாத்திப் போடுங்க. நானும் மூணு ஆட்டத்துக்கும் வந்துருவேன், 401-ன்னு வச்சுக்கிடுங்க. அமுக்கி அனுப்பிட்டுப் போய்ப் படுங்க.